காதுக்குக் கீழே வலியில்லாத கட்டியா? கத்தி வைப்பதற்கு முன் ஒரு எம்.ஆர்.ஐ!

ஷேவ் செய்யும்போதோ, கம்மல் மாட்டும்போதோதான் பலருக்கும் அது கையில் தட்டுப்படும். காதுமடலுக்குக் கீழே, தாடை வளைவில் ஒரு சின்ன உருண்டை. வலி இருக்காது. ‘நெறி கட்டியிருக்கும், தானா போயிடும்’ என்பார்கள் வீட்டில். மாதக்கணக்கில் போகாமல் இருந்தால், அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியாக இருக்கலாம்.

பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அந்த பரோட்டிட் சுரப்பிதான் பெரும்பாலும் இதற்கு இடம். இங்கே வரும் கட்டிகளில் சுமார் 80 சதவிகிதம் புற்றுநோய் அல்ல. அப்பாடா என்று தோன்றும். ஆனால், புற்றுநோய் இல்லாத கட்டியிலும் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும்.

அதிகம் வருவது ப்ளியோமார்ஃபிக் அடினோமா. மெதுவாக வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், பொதுவாக எடுத்துவிடச் சொல்வார்கள். அதுவும் உறை கிழியாமல் எடுக்க வேண்டும். கிழிந்து சிதறினால் பிற்காலத்தில் திரும்ப முளைக்கலாம்.

அடுத்தது வார்த்தின் கட்டி. 1929-ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் ஆல்ட்ரெட் ஸ்காட் வார்த்தினின் பெயரால் அழைக்கப்படுகிறது. நடுவயதைத் தாண்டிய, புகைப்பழக்கம் உள்ளவர்களிடம் அதிகம்; சிலருக்கு இரண்டு பக்கமும் வரும். புற்றுநோயாக மாறுவது மிக அபூர்வம். அதனால், தொந்தரவு இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை செய்யாமல் கண்காணித்தே வரலாம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? கண்ணை மூட, சிரிக்க, வாயைக் குவிக்க உதவும் முக நரம்பு இந்தச் சுரப்பிக்குள்தான் கிளை பிரிகிறது. தேவையில்லாத ஓர் அறுவை சிகிச்சைக்காக அந்த நரம்பைப் பணயம் வைப்பானேன்?

எம்.ஆர்.ஐ இங்கே திசுவில் உள்ள தண்ணீரைப் பார்க்கிறது. ப்ளியோமார்ஃபிக் அடினோமாவில் தண்ணீர் தாராளமாக நகரும்; சிலவகைப் படங்களில் கட்டி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வார்த்தின் கட்டியில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் தண்ணீர் நகரத் திணறும். சிக்கல் என்னவென்றால், பல புற்றுக்கட்டிகளிலும் இதே திணறல்தான்.

அங்கேதான் நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து கைகொடுக்கிறது. வார்த்தின் கட்டி அதைச் சட்டென்று வாங்கி, சட்டென்று விட்டுவிடும். புற்றுக்கட்டிகள் பலவும் வேகமாக வாங்கினாலும் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. ப்ளியோமார்ஃபிக் அடினோமாவோ நிதானமாக ஊறிக்கொண்டே இருக்கும்.

இதுவும் நூறு சதவிகிதத் தீர்ப்பு அல்ல. அதனால் ஊசி மூலம் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். ஆனால், ஊசி தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை ஸ்கேன்தான் காட்டும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கட்டி திடீரென வேகமாகப் பெருத்தாலோ, வலித்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கழுத்திலும் கட்டி தட்டுப்பட்டாலோ, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.