முத்துக்குளித்துறையின் இரண்டாம் வகுப்பு

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாகச் செல்லுகிறவர்கள், புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களில் வானளாவி நிற்கும் கோவில்களைக் கண்டு வியப்பது இயல்பு. இப்பகுதியில் அத்தகைய கோவில்களை அடுத்து, அவ்வளவாகக் கண்ணில் படாமல், ஓட்டுக் கூரையோடு அமைந்திருக்கும் ஆர்.சி. தொடக்கப்பள்ளிகளும் காண்பதற்குரியவையே. கத்தோலிக்கப் பள்ளி என்றதும் நகரத்துப் பெரிய கான்வென்ட்டுகளே நம் நினைவுக்கு வருகின்றன. மறைமாவட்டமோ கன்னியர் சபையோ நிர்வகிக்க, அரசாங்கம் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அளிக்க, கட்டணமின்றித் தமிழ்வழியில் கற்பிக்கும் இந்த உதவிபெறும் பள்ளிகளில் ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது என்பதை அறிந்தால், ஆரம்பக் கல்வியைப் பற்றிய நம் எண்ணங்கள் சிலவற்றை நாமே திருத்திக்கொள்ள நேரும்.

முத்துக்குளித்துறை எனப்படும் இக்கரையில் குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்த மரபு பழமையானது. 1542-இல் இங்கு வந்த புனித சவேரியார், தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றைத் தாம் மனப்பாடம் செய்து, கையில் மணியேந்தித் தெருத் தெருவாகச் சென்று சிறுவர்களை அழைத்து நாளுக்கு இருமுறை சொல்லிக்கொடுத்ததைத் தம் கடிதமொன்றில் விவரித்திருக்கிறார். கற்ற சிறுவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவருக்குப் பின் இங்கு வாழ்ந்த அன்றீக்கே அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிடுவித்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலும் ஞானோபதேசத்துக்காகவே எழுந்தது. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல் என்ற கீர்த்தி பாடஞ்சொல்லும் தேவையால் பிறந்த ஒரு சிறு நூலுக்குக் கிட்டியது, ஆசிரியத் தொழிலுக்கே பெருமை தருவதாகும்.

அந்த மரபு இன்று இரண்டாம் வகுப்பில் எவ்வுருவில் வாழ்கிறது? திங்கட்கிழமை காலை, தமிழ்த்தாய் வாழ்த்தும் உறுதிமொழியும் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியதும், வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கத்தோலிக்கக் குழந்தைகள் மறைக்கல்விக்கும், ஏனையோர் நன்னெறி வகுப்புக்கும் செல்லுகின்றனர். சிறுபான்மையினர் தம் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கும் நம் அரசியல் சாசனம், அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தக் குழந்தையையும் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்று 28-ஆம் விதியில் வரையறுத்தும் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில், புதுநன்மை எனப்படும் முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகள் ஆத்தும சோதனைக்குப் பழகுகிறார்கள். அதாவது, இன்று யாரிடம் பொய் சொன்னேன், யாரை அழவைத்தேன் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளக் கற்கிறார்கள். விவரமறியும் பருவமாகிய ஏறத்தாழ ஏழு வயதிலேயே நன்மை வழங்கலாமென்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் விதித்தமையால், இவ்வளவு இளம் வயதிலேயே இந்த அப்பியாசம் தொடங்கிவிடுகிறது. அடுத்த அறையில் ஆத்திசூடியைக் கொண்டு நடக்கும் பாடமும் ஏறக்குறைய இதே கேள்வியில்தான் வந்து முடிகிறது. அரைமணி கழித்து இரு சாராரும் ஒரே பாயில் அமர்ந்து தமிழ் படிக்கிறார்கள்.

தமிழ்ப் பாடத்தில் இவ்வயதினருக்குப் பெரும் இடர்ப்பாடு குறில் நெடில் வேறுபாடு. 'தேன்' என்று எழுதச் சொன்னால் 'தென்' என்று எழுதுவார்கள், 'சேவல்' செவலாகிவிடும். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்துவிடாமல், எழுதியதை எழுதியபடியே உரக்கப் படிக்கச் சொல்லுகிறார். பிழை தன் காதிலேயே விழுந்ததும் பிள்ளை தானாகவே இரட்டைக்கொம்பு போடுகிறது. இந்த ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்திய சீர்திருத்தத்தை வீரமாமுனிவருடையதாகவே தமிழுலகம் போற்றுகிறது. இத்தாலியிலிருந்து வந்து தமிழுக்குத் தொண்டராகிவிட்ட அத்துறவியின் கைங்கரியம், ஒரு மீனவக் குழந்தையின் சிலேட்டில் இன்றும் பயன்படுகிறது.

செவ்வாய்க்கிழமை கணக்கு. நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொன்னபோது ஒரு சிறுவன் முப்பத்தைந்து என்று எழுதிக் காட்டுகிறான். தவறு என்று சொல்லிவிடுவது எளிது. எப்படிச் செய்தாய் என்று கேட்பதே ஆசிரியத் தொழில். "ரெண்டுலேருந்து ஏழு போகாதுல்லா டீச்சர், அதான் ஏழுலேருந்து ரெண்டக் கழிச்சேன்" என்கிறான் அவன். அவனிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுகொண்ட பிறகுதான் அதை மாற்ற முடியும். ஆசிரியை பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகள் நான்கையும் உதிரிக் குச்சிகள் இரண்டையும் அவன் முன் வைத்து, "எங்கய்யா, இதுல பதினேழு எடுத்துத் தா பாப்போம்" என்கிறார். உதிரி போதாமல் சிறிது திகைத்த சிறுவன் ஒரு கட்டை அவிழ்க்கிறான். ஏழை எண்ணி எடுத்து, ஒரு முழுக் கட்டையும் சேர்த்துக் கொடுக்கிறான். எஞ்சியவை இரண்டு கட்டும் ஐந்து உதிரியும். கடன் வாங்கிக் கழித்தல் என்று நாமெல்லாம் காரணம் அறியாது மனப்பாடம் செய்த விதி, அவன் விரல்களின் வழியே அறிவாகிறது. தமிழக அரசு 2022 முதல் நடத்திவரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று வகுத்துக் கற்பிக்கச் சொல்லுவதும் இந்த நோக்கத்தோடுதான்.

புதன்கிழமை சூழ்நிலையியல் பாடத்தில் ஆசிரியையே மாணவியாகிறார். காற்றைப் பற்றிய பாடம் வந்ததும், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பிள்ளைகள் திசைவாரியாக அடுக்குகிறார்கள். இன்ன காற்றில் வள்ளம் இறக்கலாம், இன்ன காற்றில் கூடாது என்று தந்தையர் பேசக் கேட்டவர்கள் அவர்கள். பாடநூலைச் சற்றே மூடிவைத்து அவற்றைக் கரும்பலகையில் எழுதுவிக்கும் ஆசிரியை, தாங்களும் அறிவுடையவர்கள் என்னும் நம்பிக்கையை அவர்களுக்கு அளிக்கிறார். வியாழக்கிழமை வாசிப்பு வேளையில் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் சீடர்களும் வந்து வகுப்பைச் சிரிப்பில் ஆழ்த்துகிறார்கள்.

வெள்ளிக்கிழமை வாரப் பாடங்களின் மறுபார்வை. மாதத்தின் முதல் வெள்ளியாயின், திரு இருதய பக்தியை முன்னிட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகள் கோவிலில் திருப்பலி கண்டு வருகிறார்கள். நண்பகல் கோவில் மணி ஒலித்தால் திரிகால ஜெபம்; பின்னர் எல்லோருக்கும் முட்டையோடு சத்துணவு. காலை உணவும் இப்போது இப்பள்ளிகளுக்கு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவுபெற்றபோது, அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் நடைபெற்றது. விடியுமுன் கடலுக்குப் போன தந்தையும் மீன் விற்கப் போன தாயும் உள்ள வீட்டுக் குழந்தைக்கு, வயிறு நிறைந்த பிறகே எழுத்து கண்ணில் நிற்கும் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

இந்த வாரத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது, இப்பள்ளியின் சமயம் மறைக்கல்விக்குரிய அரைமணியில் மட்டும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிழையாக எழுதிய பிள்ளையைத் திரும்பப் படிக்கச் செய்யும் பொறுமையிலும், தவறான விடைக்குள் இருக்கும் நியாயத்தைத் தேடும் சிரத்தையிலும், எந்த வீட்டுக் குழந்தையாயினும் ஒரே பாயில் அமர்த்தும் சமபாவனையிலும் அது பரவிக்கிடக்கிறது. சமயம் எதுவாயினும், ஏன் சமயமே இல்லாத பள்ளியாயினும், கடைசி வரிசைக் குழந்தையைக் கைவிடாமையே கல்வியின் தர்மம் என்பதை எவரும் ஒப்புக்கொள்ளுவர்.

ஆங்கில வழிப் பள்ளிகளை நாடிப் பெற்றோர் செல்லுவதால், இத்தகைய தமிழ்வழிப் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கை குறைந்துவருகிறது. அவர்களுடைய ஆசை நியாயமானதே. தம் மக்கள் தம்மைவிட உயர வேண்டுமென்று நினைப்பது பெற்றோரின் சுபாவம். எனினும், சீருடையையும் வாகனத்தையும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், தம் ஊர்ப் பள்ளிக்கு ஒருநாள் சென்று, என் பிள்ளை தவறான விடை சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். அக்கேள்விக்கு ஓர் ஆசிரியர் அளிக்கும் பதிலைக் கொண்டே அந்தப் பள்ளியின் தரத்தை நிர்ணயித்துவிடலாம்.