நீளமுடி கினி பிக் வளர்க்கிறீங்களா? குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அடங்குகிற சின்ன உருண்டை. ஆறு மாதம் போனால் எது முகம், எது பின்பக்கம் என்றே தெரியாத அளவுக்கு முடி வளர்ந்து, நடக்கும்போது தரையைப் பெருக்கிக்கொண்டே வரும். நீளமுடி கினி பிக் வாங்கிய பல வீடுகளில் நடக்கிற கதை இது. அடுத்த காட்சியும் பெரும்பாலும் ஒன்றுதான். முடியெல்லாம் காய்ந்த புல், கிட்டே போனால் சிறுநீர் வாடை. உடனே பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீர், கையில் ஷாம்பு!

பிரச்சினை ஆரம்பிப்பதே இங்கேதான். நீளமுடி கினி பிக்குக்கு தினமும் தேவைப்படுவது சீப்பு. மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படுவது கத்தரிக்கோல். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால், முழுக் குளியல் வருடத்துக்கு ஓரிரு முறை தேவைப்பட்டாலே அதிகம்.

இவ்வளவு முடி எங்கிருந்து வந்தது?

பெயரில் கினி இருந்தாலும் ஆப்பிரிக்காவின் கினிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிக் என்றாலும் பன்றி இல்லை. தமிழில் 'சீமைப் பெருச்சாளி' என்றுகூட ஒரு பெயர் உண்டு. ஆனால் இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெரு, பொலிவியா, எக்வடார் பக்கம் பல ஆயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்க்கப்படும் கொறித்துண்ணி இது. அங்கே இதன் பெயர் 'குய்'.

மலையில் புல் மேயும் இதன் காட்டு உறவுகளுக்கு முடி குட்டைதான். தரையைத் தொடும் முடி, மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால் வந்தது. பெருவியன் வகைக்கு முடி முகத்தின் மேலேயே வந்து விழும். சில்கி வகைக்கு முகத்தை விட்டுவிட்டு பின்னோக்கிப் படியும். அதே சில்கிக்கு நெற்றியில் ஒரு சுழி இருந்தால் கொரோனெட். சுருட்டை முடியோடு இருந்தால் டெக்ஸல்.

இதில் வாங்குபவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. நீளமுடி என்பது மரபணுவில் ஒடுங்கு பண்பு. அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் காசில் 1905-லேயே கினி பிக்குகளை வைத்து இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதாவது தாய், தந்தை இரண்டுக்குமே குட்டை முடி இருந்தாலும் குட்டி நீளமுடியோடு வரலாம். அதுவும் பிறந்த உடனே முடி நீளமாக இருக்காது, போகப் போகத்தான் வளரும். "சாதாரண கினி பிக்தான் வாங்கினோம், இப்போ இப்படி ஆயிடுச்சே" என்று சிலர் விழிப்பது இதனால்தான். முடி மாதத்துக்குச் சுமார் 2.5 செ.மீ. வளரும், தானாக நிற்கவும் நிற்காது.

படத்துல பார்க்கிற பட்டு முடி எப்படி சாத்தியம்?

வெளிநாட்டுக் கண்காட்சிகளில் தலைமுதல் கால்வரை பட்டுப் போல முடி விரிந்து உட்கார்ந்திருக்கும் கினி பிக் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த முடியை வீட்டில் அப்படியே தொங்கவிடுவதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, காகிதத்திலோ துணியிலோ சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு மடித்து வைத்திருப்பார்கள். போட்டி அன்று சாக்குத்துணி போர்த்திய சின்ன மேடையில் உட்கார வைத்துப் பிரித்து விடுவார்கள். அது தினப்படி உழைப்பு கேட்கிற ஒரு தனிப் பொழுதுபோக்கு. வீட்டில் செல்லமாக வளர்ப்பவர்கள் அந்த நீளத்துக்கு ஆசைப்பட வேண்டிய அவசியமே இல்லை. முடியை வெட்டினால் கினி பிக்குக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

அழுக்கு சேர்வது எங்கே?

பாவாடை போலச் சுற்றித் தொங்கும் பின்பக்க முடியில்தான். கினி பிக் சிறுநீர் கழிக்கும்போது அது நேராக அந்த முடியில் ஊறும். நடக்கும்போது கூண்டில் உள்ள மரத்தூளும் புல்லும் அதில் ஒட்டும். ஈரம் காயாமல் தோலிலேயே இருந்தால் தோல் வெந்து சிவந்து புண்ணாகிவிடும், குழந்தைக்கு டயப்பர் போட்ட இடம் புண்ணாவது மாதிரி.

இதைவிடப் பயங்கரமானது ஈ. ஆடு, மாடு வளர்த்தவர்களுக்கு "புழு வெச்சிருச்சு" என்றால் உடனே புரியும். அதே விஷயம் கினி பிக்குக்கும் நடக்கும். நனைந்து நாறும் முடியில் ஈ முட்டையிடும், வெயில் காலத்தில் ஒரே நாளுக்குள் முட்டை பொரிந்து புழுக்கள் தோலைத் துளைக்க ஆரம்பித்துவிடும். மேலே முடி மூடியிருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. நேற்று ஓடிக்கொண்டிருந்தது இன்று சுருண்டு கிடக்கும். அதனால் வெயில் காலத்தில் காலையும் மாலையும் தூக்கி, பின்பக்க முடியை விலக்கிப் பார்க்க வேண்டும். புழு கண்ணில் பட்டால் குளிப்பாட்டிப் பார்ப்போம் என்று நேரத்தை ஓட்டக்கூடாது, அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆரோக்கியமான கினி பிக், பூனை மாதிரி தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். மென்மையான ஒருவகைப் புழுக்கையை நேரடியாகப் பின்பக்கத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்னும், அதில் அதற்குச் சத்து இருக்கிறது. இதுவரை சுத்தமாக இருந்த கினி பிக்கின் பின்பக்கம் திடீரென்று அழுக்காக ஆரம்பித்தால், அதனால் குனிய முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். எடை கூடியிருக்கலாம், மூட்டு வலி இருக்கலாம், பல் பிரச்சினையாகவோ சிறுநீர்ப்பையில் கல்லாகவோகூட இருக்கலாம். அந்த நேரத்தில் வாரம் ஒருமுறை குளிப்பாட்டி வாசனையாக வைத்திருந்தால், வெளியே தெரியவேண்டிய நோயை நாமே மறைத்தது போல ஆகிவிடும்.

"ஆனா என் கினி பிக் தண்ணியில அமைதியா இருக்கே?"

2018 ஜனவரியில் வைரலான 'சோப்பு போட்டுக் குளிக்கும் எலி' வீடியோ பலருக்கு ஞாபகம் இருக்கும். பெருவில் எடுக்கப்பட்ட அந்த வீடியோவைப் பார்த்த விலங்கியலாளர்கள், அது எலியே இல்லை, பகரானா என்ற தென் அமெரிக்கக் கொறித்துண்ணி போலத் தெரிகிறது என்றார்கள். அது ரசித்துக் குளிக்கவில்லை, உடம்பில் ஒட்டிய சோப்பை எடுக்கப் போராடுகிறது என்றும் சொன்னார்கள்.

கினி பிக் குளியல் ரீல்ஸும் கிட்டத்தட்ட அதே ரகம். கினி பிக் வேட்டையாடப்படும் விலங்கு. பயந்தால் அசையாமல் உறைந்து நிற்பது அதன் பிறவிக் குணம். தண்ணீருக்குள் சிலை மாதிரி நின்றால் 'சமத்து' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பயமில்லாத கினி பிக் மோப்பம் பிடிக்கும், சத்தம் போடும், கையில் கீரை கொடுத்தால் தின்னும். குளிப்பாட்டும்போது கீரையை நீட்டிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

பயம் ஒரு பக்கம் என்றால் ஈரம் இன்னொரு பக்கம். கினி பிக்குகளுக்கு சளி சீக்கிரம் நிமோனியாவாகிவிடும். நீளமுடி மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் தோலை ஒட்டி ஈரமாகவே இருக்கும்.

சீப்பும் கத்தரியும் போதும்

தினமும் ஐந்து நிமிடம். மடியில் டவல் விரித்து, முன்னால் ஒரு துண்டு குடைமிளகாய் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல் அகலமான சீப்பை எடுத்து முடியின் நுனியிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் வலிக்கும், அடுத்த நாள் சீப்பைப் பார்த்தாலே ஓடும். காதுக்குப் பின்னால், அக்குளில், வயிற்றில்தான் சிக்கு அதிகம் விழும்.

சிக்கை வெட்டும்போது மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. சிக்கைப் பிடித்து இழுத்தால் அதோடு மெல்லிய தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும். அங்கே கத்தரி வைத்தால் தோலையும் சேர்த்து வெட்டிவிடும். சிக்குக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பை நுழைத்து வைத்துக்கொண்டு, சீப்புக்கு மேலே வெட்டினால் பயமில்லை. ரொம்ப ஒட்டிப்போன சிக்கு என்றால் வீட்டில் வீரம் காட்டாமல் மருத்துவரிடம் மழித்துக்கொள்வது நல்லது.

மாதம் ஒருமுறை, பாவாடை முடியைப் பாதத்துக்கு மேலே இருக்கும்படி சுற்றிலும் வெட்டிவிட வேண்டும். பின்பக்கம் இன்னும் குட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. சிறுநீர் முடியில் ஊறுவது பெருமளவு நின்றுவிடும், குளியலுக்கான காரணமும் அதோடு போய்விடும். பெருவியன் வகைக்குக் கண்ணை மறைக்கும் முடியையும் கொஞ்சம் குறைக்கலாம்.

நம்ம ஊருக்கு இது இன்னும் முக்கியம். கினி பிக்குக்குத் தோதான வெப்பநிலை 18 முதல் 26 டிகிரி செல்சியஸ். சென்னையின் மே மாதத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்! இதற்கு வியர்க்காது, மேலே கம்பளி வேறு. கோடையில் முடியை 3, 4 செ.மீ. அளவுக்குக் குறைத்துவிடலாம், மொட்டை அடிக்க வேண்டாம். வெக்கை தாங்கவில்லை என்று தண்ணீரில் முக்குவதற்குப் பதிலாக, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால், தானாக வந்து சாய்ந்துகொள்ளும்.

சரி, குளிப்பாட்டியே ஆகணும்னா?

வயிற்றுப்போக்கு, முடியெல்லாம் ஒட்டிக்கொண்ட பிசுக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஷாம்பு. இப்படிக் காரணம் இருந்தால் குளிப்பாட்டலாம். அதிலும் பின்பக்கம் மட்டும் அழுக்கென்றால் அதை மட்டும் கழுவினால் போதும். சினையாக இருப்பதையும், நோயில் துவண்டிருப்பதையும் மருத்துவர் சொல்லாமல் குளிப்பாட்டவே கூடாது.

முதலில் சிக்கெடுத்துவிட வேண்டும், நனைந்த சிக்கு கல் மாதிரி இறுகிவிடும். டப்பில் வழுக்காமல் இருக்க அடியில் டவல் போட்டு, இரண்டு விரல் ஆழத்துக்கு வெதுவெதுப்பான நீர். மணிக்கட்டில் ஊற்றினால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஷவர் வேண்டாம், கையால் அள்ளி ஊற்றுங்கள். தலையிலும் காதிலும் தண்ணீர் படக்கூடாது, முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நாம் போடும் ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட், நாய்க்கான உண்ணி ஷாம்பு எதுவும் ஆகாது. முயல், கினி பிக் போன்ற சிறு பிராணிகளுக்கான வாசனையில்லாத ஷாம்பு கொஞ்சம் போதும். நுரை ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் அலச வேண்டும், ஏனென்றால் மிச்சத்தை அது நக்கும்.

அதற்குப் பின்னால்தான் உண்மையான வேலை. இரண்டு மூன்று டவல் மாற்றி ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து, நடுநடுவே சீவிக்கொண்டே உலர்த்த வேண்டும். சத்தத்துக்கு நடுங்கினால் டிரையரை விட்டுவிட்டு, காற்று அடிக்காத அறையில் டவல் மாற்றி மாற்றிக் காய வைக்கலாம். தோல்வரை காய்ந்த பிறகுதான் கூண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பது பலர் செய்யும் தப்பு.

ஆண் கினி பிக்குக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. வால் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அங்கே பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு முடியைக் கட்டிவிடும். அதற்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்தால் இளகி வந்துவிடும்.

முடி கொட்டினால் குளியல் மருந்தா?

இல்லை. விடாமல் சொறிந்தால், தோலுக்குள் துளைத்து வாழும் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அரிப்பு முற்றி வலிப்பு வந்த கினி பிக்குகள்கூட உண்டு. வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் ஒட்டும். முடி முரடாகிப் பொலிவில்லாமல் போனால் உணவைப் பாருங்கள். மனிதர்களைப் போலவே கினி பிக்காலும் உடம்புக்குள் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. குடைமிளகாய், கொத்தமல்லித்தழை, அளவாகக் கொய்யா தினசரித் தட்டில் இருக்க வேண்டும்.

புண்ணைப் பார்த்ததும் வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நமக்குச் சாதாரணமான பென்சிலின் வகை மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால், கினி பிக்கின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிரே போகலாம். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களுக்கும் கினி பிக் பழக்கமிருக்காது. அதனால் முயல், கினி பிக் பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் யார் என்று முன்கூட்டியே விசாரித்து நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பாட்டிய அடுத்த இரண்டு நாள் மூக்கு ஒழுகுகிறதா, மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். முக்கியமாகத் தீனியைப் பாருங்கள். கினி பிக்கின் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், "நாளைக்குச் சரியாயிடும்" என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.