ஏழு பேர் போகும் வண்டி: விலை பேசுமுன் ஆர்.சி. புக்கைக் கேளுங்கள்

2025 செப்டம்பர் 23 அன்று கேரளம் முழுவதும் சுங்கத் துறையினர் வீடுகளிலும் பழைய கார் விற்பனைக் கூடங்களிலும் புகுந்து சோதனை போட்டார்கள். ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று அதற்குப் பெயர். முதல் நாளிலேயே 36 வண்டிகள் பிடிபட்டன. டொயோட்டா லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல் போன்ற ஜப்பானிய வண்டிகள் இந்த விவகாரத்தில் முன்னால் நின்றன. பூட்டானில் ஓடிய வண்டிகளை வரி கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்து, இமாச்சலப் பிரதேசம் போன்ற இடங்களில் போலி ஆவணம் காட்டிப் பதிவு செய்து, பிறகு கேரளத்தில் விற்றிருக்கிறார்கள் என்பது துறையின் குற்றச்சாட்டு. ஆவணத்தை நம்பித்தான் வாங்கினோம் என்று உயர் நீதிமன்றம் வரை போன உரிமையாளர்களும் உண்டு.

செய்தியில் பெரிதாக வந்தது சோதனைக்கு ஆளான நடிகர்களின் பெயர்கள்தான். என் கவலை திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் சாலை பஜாரிலும் இருக்கிற நடுத்தரக் குடும்பங்களைப் பற்றியது. சொந்தபந்தம் பாதி நாகர்கோவிலில், மீதி திருநெல்வேலியில். குலதெய்வம் தாமிரபரணிக் கரையில். முட்டிவலியோடு அம்மா, கைக்குழந்தையோடு மகள். எல்லாரும் சேர்ந்து திருச்செந்தூர் போய்வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மதுரைக் கல்யாணம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. சொகுசான பெரிய வண்டி இவர்களுக்கு ஆடம்பரம் இல்லை, தேவை. புதிது வாங்கக் கட்டாது, ஆகவே செகண்ட் ஹேண்ட். அந்தத் தேவையோடு சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியின் பளபளப்பைப் பார்க்கிற அளவுக்கு அதன் தாளைப் பார்ப்பதில்லை.

குடும்ப வண்டிகளில் உச்சத்தில் இருப்பவை டொயோட்டாவின் ஆல்ஃபார்டும் வெல்ஃபயரும். கிட்டத்தட்ட ஒரே வண்டி, முகம்தான் வேறு. இரண்டு பக்கமும் பொத்தானை அழுத்தினால் சறுக்கித் திறக்கும் கதவு, தாழ்வான தரை, நடு வரிசையில் காலை நீட்டிப் படுக்கும் இருக்கை. முட்டி மடக்க முடியாத பெரியவர்களை ஏற்றி இறக்க இதைவிட வசதியான கார் நம் சாலையில் எனக்குத் தெரிந்து இல்லை. லண்டனிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற நம் உறவுக்காரர்கள் ஜப்பானில் ஓடிய ஆல்ஃபார்டை வாங்கி ஓட்டுகிறார்கள். இலங்கையிலும் அப்படித்தான். 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதி நின்று, 2025 பிப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. யாழ்ப்பாணத்தில் வேன் வாங்குகிறவர் ஜப்பானில் ஏலம் விடும்போது வண்டியின் தரத்துக்கு மார்க் போட்டுத் தரும் தாளில் எத்தனை மார்க் என்று கேட்டுவிட்டுத்தான் விலைக்கு வருவார்.

இந்தியாவில் அந்த வழி ஏறத்தாழ அடைபட்டது. பழைய கார் இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். இதற்கு மேல் வண்டியின் மதிப்பையே தாண்டும் வரி. இத்தனையும் கட்டி ஒருவர் ஜப்பானிலிருந்து பழைய வேன் கொண்டுவந்து மலிவாக விற்கிறார் என்றால் அந்தக் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. டொயோட்டா இந்தியாவில் ஆல்ஃபார்டைத் தன் ஷோரூமில் விற்றதில்லை. ஆகவே யாராவது ஆல்ஃபார்டு விற்பனைக்கு இருக்கிறது என்றால் அது தனியார் இறக்குமதி. சுங்க வரி கட்டிய ரசீதும் இறக்குமதி ஆவணமும் அசலாகக் கையில் வராமல் அதற்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வெல்ஃபயர் அப்படி இல்லை. 2020 பிப்ரவரியில் டொயோட்டாவே அதை ஜப்பானிலிருந்து முழு வண்டியாக இறக்கி, 79.50 லட்சத்துக்கு விற்றது. 2023 ஆகஸ்டில் அடுத்த தலைமுறை வந்தபோது தொடக்க விலை 1.20 கோடியை ஒட்டிப் போய்விட்டது. இப்போது கைமாறி வருபவை பெரும்பாலும் முதலில் வந்த அந்த வண்டிகள். 2.5 லிட்டர் ஹைப்ரிட், ஏறத்தாழ 4.93 மீட்டர் நீளம். வலியசாலை அக்கிரகாரத்தின் வீட்டு வாசலில் நிறுத்தப் பார்த்தால் அந்த நீளம் புரியும். உதிரிபாகம் எல்லாம் கடல் தாண்டி வர வேண்டியவை. சறுக்குக் கதவின் மோட்டார் கெட்டாலோ, பின் விளக்கு உடைந்தாலோ உள்ளூரில் மாற்றுப் பொருள் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வாங்கும் விலையில் ஒரு பங்கை முதலிலேயே இதற்கென எடுத்துவைக்க முடிகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வரலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இன்னோவாதான். 2005இல் குவாலிஸின் இடத்துக்கு வந்த வண்டி. 2016இல் கிரிஸ்டா ஆனது. 2022 நவம்பரில் ஹைகிராஸ் அறிமுகமானது. பெங்களூருக்குப் பக்கத்துப் பிடதியில் கட்டப்படுவதால் பாகமும் மெக்கானிக்கும் களியக்காவிளை முதல் காசர்கோடு வரை கிடைக்கும். கிரிஸ்டாவும் ஹைகிராஸும் பெயரில்தான் அண்ணன் தம்பி; உடம்பு வேறு. கிரிஸ்டா லாரி போல இரும்புச் சட்டத்தின் மேல் நிற்பது, பின் சக்கரம் தள்ளும், பெரும்பாலும் டீசல். தரை உயரம் அதிகம் என்பதால் வயதானவர்கள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். ஹைகிராஸ் முன் சக்கரம் இழுக்கும் கார். படி தாழ்வு, ஹைப்ரிட் மாடலில் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்பது அரசுச் சோதனைக் கணக்கு. திருவனந்தபுரம் நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு ஹைப்ரிட் உண்மையாகவே மிச்சம் பிடிக்கும், ஏனென்றால் அந்த மெதுவான ஓட்டத்தில்தான் பேட்டரி அதிகம் வேலை செய்கிறது. 2020க்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் கிரிஸ்டாவை எடுத்து, நகருக்குள் பட்டத்திலிருந்து ஸ்டாச்யூ வரை மட்டும் தினமும் ஓட்டினால் புகைக்கரியை வடிகட்டும் பாகம் சூடேற நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறையாவது நெல்லைப் பக்கம் நீண்ட ஓட்டம் ஓடுகிற வீட்டுக்கு அது சரி.

இனி ஆர்.சி. புக். எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் வண்டி எத்தனையாவது உரிமையாளரிடம் இருக்கிறது, காப்பீடு உயிரோடு இருக்கிறதா, வங்கிக் கடன் நிற்கிறதா என்பதெல்லாம் வரும். கடன் தீர்ந்தது என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது, வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் வேண்டும். இ-சலானைத் தனியாகப் பாருங்கள். 2023 ஜூனிலிருந்து கேரளச் சாலைகளில் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போட்டுக்கொண்டிருக்கின்றன. விற்பவருக்கே தெரியாமல் பத்துப் பதினைந்து சலான்கள் சேர்ந்திருக்கலாம். அவற்றைத் தீர்க்காமல் பெயர் மாற்றப் போனால் அலைச்சல் உங்களுக்குத்தான். இன்னோவா என்றால் இன்னொரு கேள்வியும் கட்டாயம்: இது டாக்சியாக ஓடி, பிறகு சொந்த வண்டியாக மாற்றப்பட்டதா? சபரிமலை சீசனில் ஓய்வில்லாமல் ஓடிய வண்டிக்கு வெள்ளைப் பலகை மாட்டியதும் வயது குறைந்துவிடாது.

TN என்று தொடங்கும் பலகையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறைய. நாகர்கோவில் 74, மார்த்தாண்டம் 75. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேர ஓட்டத்தில் விலை குறைந்த வண்டி நிற்கிறது. கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரே தவணைச் சாலை வரி விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். வெளிமாநில வண்டியை இங்கே பதிவு மாற்றினால் அதன் வயதைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும் அந்தப் பணத்தை நம்பி விலை பேசாதீர்கள். அங்கிருந்து படிவம் 28இல் என்.ஓ.சி. வாங்கியாக வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிந்துவிட்டு இங்கே ஓட்டியவர்கள் மீது 2017இல் கேரளத்தில் வழக்குகள் பாய்ந்தது பலருக்கு நினைவிருக்கும். டெல்லி வண்டிகளும் தெற்கே வருகின்றன. அங்கே 10 வயதான டீசல் காருக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது முதல் அவை விலை சரிந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் நல்ல வண்டியும் உண்டு. ஆனால் வரியையும் என்.ஓ.சி. செலவையும் கூட்டிய பிறகுதான் அது மலிவா என்று தெரியும்.

தாள் சரியாக இருந்தால் வண்டிக்கு வரலாம். நம் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது வெள்ளம். 2018 ஆகஸ்டில் ஆலுவாவும் செங்ஙன்னூரும் மூழ்கின. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் நகரத்திலேயே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. தண்ணீரில் நின்ற காருக்குக் காப்பீட்டு நிறுவனம் முழு நஷ்டம் கொடுத்துவிட்டு அதை ஏலத்தில் தள்ளும். வாங்கினவர் கழுவி, காயவைத்து, உள்ளுறை மாற்றி மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவார். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: மூன்றாம் வரிசை சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசிச் சுற்று வரை வெளியே இழுங்கள். விற்பவர் கண்ணாடியையும் இருக்கையையும் கழுவியிருப்பார். சுருளுக்குள் இருக்கிற துணியைக் கழுவியிருக்க மாட்டார். அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு ஓடினால் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். இல்லையென்றால் இருக்கையின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் பூஞ்சை வாடை வருகிறதா என்று பாருங்கள். ஹைப்ரிட் வண்டியில் இது இன்னும் முக்கியம். மின்சாரம் சுமக்கும் பெரிய பேட்டரி இருக்கைக்கு அடியில், தரையை ஒட்டித்தான் இருக்கிறது. சங்குமுகம், வேளி, கோவளம் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் அடிப்பாகத்தையும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

மீட்டரைக் குறைப்பது இங்கே பழைய நோய். அதற்கு மருந்து சர்வீஸ் வரலாறு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் ஓடிய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். உரிமையாளரோடு போய் அதைக் கேட்டு வாங்குங்கள். அவர் தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்கிற வண்டியில் நான்கு டயரும் இரண்டாம் செட்டாக இருந்தால் கணக்கு பொருந்தவில்லை. இதற்கு நேரெதிரான ஒன்றும் கேரளத்தில் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் வருடத்தில் ஒரு மாதம் லீவில் வந்து ஓட்டிவிட்டு மூடிவைத்த கார். கிலோமீட்டர் உண்மையாகவே குறைவு. ஆனால் நிற்கிற வண்டியில் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துப்போயிருக்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். குறைந்த கிலோமீட்டருக்கு அதிக விலை கேட்டால் இதையெல்லாம் கழித்துப் பேசலாம்.

ஹைப்ரிட் என்றாலே பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஹைகிராஸின் ஹைப்ரிட் பேட்டரிக்கு டொயோட்டா 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி கொடுக்கிறது. அது எத்தனை வருடம் மீதி இருக்கிறது, அடுத்த உரிமையாளருக்குத் தொடர்கிறதா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். பேட்டரிக்குக் காற்றுப் போகும் சல்லடையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழந்தைகளின் பிஸ்கெட் தூளும் தூசும் அங்கே அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும்.

ஓட்டிப் பார்க்கக் கழக்கூட்டம் பைபாஸுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். நேரான சாலையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் போகும். பேரூர்க்கடையிலிருந்து நெடுமங்காடு போகிற ஏற்ற இறக்கச் சாலையில், ஏ.சி. முழுவதும் போட்டு, ஏழு பேரையும் ஏற்றி ஓட்டுங்கள். வீட்டில் வயதானவர் எந்த வரிசையில் உட்காருவாரோ அங்கே அவரை உட்கார வைத்து, அரை மணி நேரம் கழித்து இறங்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஓட்டுநர் இருக்கையில் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அம்மா அடுத்த ஐந்து வருடம் இருக்கப்போவது பின்னால்.

பணம் கொடுக்கும் நாளில் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, விண்ணப்பத்தைப் பரிவாகன் தளத்தில் விற்பவர் முன்னாலேயே ஏற்றிவிடுங்கள். புரோக்கர் பிறகு பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். பெயர் மாறாமல் கைமாறிக்கொண்டே போன ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே விற்பவருக்கும் இதில் அவசரம் வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காப்பீட்டில் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு உரிமையோடு தானாக மாறும். உங்கள் வண்டிக்கான சேதப் பாதுகாப்பு அப்படி மாறாது; 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, அது உங்களுக்கு வராது. அதனால் கட்ட வேண்டிய பிரீமியம் வித்தியாசத்தை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.