உங்களுக்குத் தெரியுமா? வீட்டைக் கேட்டால் பத்திரத்தைக் காட்டு!

அமெரிக்காவில் வீட்டுக் கடன் தவணை நின்றுபோனால், பல மாநிலங்களில் வங்கி வழக்குப் போட்டுத்தான் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். அந்த வழக்கில் ஒவ்வொரு காகிதமும் உயிர்நாடி.

● இந்த வழக்குகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களுக்கே போகும். வங்கியும் கடனாளியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, தொகையும் 75,000 டாலரைத் தாண்டினால் ஃபெடரல் நீதிமன்றத்திலும் தொடுக்கலாம்.

● மத்திய அரசின் உரிமம் பெற்று நாடெங்கும் கிளை பரப்பிய ‘நேஷனல்’ வங்கிக்கு எது சொந்த மாநிலம்? அமைப்புச் சாசனத்தில் தலைமை அலுவலகம் எங்கே என்று எழுதியிருக்கிறதோ, அதுதான் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

● 2007 அக்டோபர் 31. கிளீவ்லாந்து ஃபெடரல் நீதிபதி கிறிஸ்டோபர் பாய்கோ, டாய்ச்சு பேங்க் நேஷனல் டிரஸ்ட் தொடுத்த 14 வழக்குகளை ஒரே உத்தரவில் தள்ளுபடி செய்தார். கடன் கொடுத்தது வேறு நிறுவனம். அந்தக் கடன் கைமாறி வந்தது. வழக்குப் போட்ட நாளில் அடமானம் தன் பெயரில்தான் இருந்தது என்பதை வங்கியால் காட்ட முடியவில்லை. ஆனாலும் கடன் ரத்தாகவில்லை. காகிதத்தைச் சரிசெய்து மறுபடி வழக்குப் போட வழி இருந்தது.

● கோப்பைப் படிக்காமலே பிரமாணப் பத்திரங்களில் ஊழியர்கள் கையெழுத்துப் போட்டுத் தள்ளியது 2010இல் அம்பலமானது. ‘ரோபோ கையெழுத்து’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. 2012இல் 5 பெரிய நிறுவனங்கள், 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் சுமார் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன.

● 2014 முதல், குடியிருக்கும் வீடென்றால், பொதுவாகத் தவணை பாக்கி 120 நாளைத் தாண்டிய பிறகே வழக்கின் முதல் காகிதத்தைத் தாக்கல் செய்யலாம்.

● நியூயார்க்கில் வழக்குக்கு 90 நாள் முன்பே கடனாளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். எழுத்து 14 பாயின்டுக்குக் குறையக் கூடாது. பதிவுத் தபாலில் ஒன்று, சாதாரணத் தபாலில் ஒன்று. அனுப்பியதற்கு ஆதாரம் இல்லையென்றால், ஃபெடரல் நீதிமன்றத்திலும் வங்கியின் வழக்கு நிற்காது.

● ஏலத்தில் கடன்களும் செலவும் போக மிஞ்சும் பணம் வீட்டுக்காரருடையது. கேட்டு வாங்க வேண்டும்.

● ஃபெடரல் நீதிமன்றச் சம்மன் கைக்கு வந்தால், பொதுவாகப் பதில் தர 21 நாள். பயந்துபோய் உறையைப் பிரிக்காமல் வைத்தால், எதிர்த்தரப்பு வரவில்லை என்று வங்கி பக்கமே தீர்ப்பாகிவிடலாம். பத்திரம் எங்கே என்று கேட்கும் உரிமை, பதில் போட்டவருக்குத்தான் கைகொடுக்கும். உறையை அன்றே பிரியுங்கள்.