"நான்" என்று சொல்லப் பழகினாள்!

"அம்மா, எனக்கு வேலையே கிடைக்காதுன்னு தோணுது" என்று என் மூத்த பெண் போனில் அழுதபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 2018-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அது.

அமெரிக்காவில் மாணவர் நலன் சம்பந்தமான எம்.ஏ. படிப்பை அவள் முடிக்கும் சமயம். அங்கே கல்லூரி விடுதியை நிர்வகிக்கக்கூட அப்படியொரு படிப்பு உண்டு. நம் ஊர் ஹாஸ்டல் வார்டன் மாதிரி, விடுதியிலேயே குடியிருந்து பார்க்கும் வேலை. இதற்கு ஆள் எடுக்க அப்போதெல்லாம் பல கல்லூரிகள் ஓரிடத்தில் கூடும். அந்த வருஷம் பிலடெல்ஃபியாவில் 'தி ப்ளேஸ்மென்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் கூடின. பெரிய மண்டபத்தில் வரிசையாக மேஜைகள். பேட்டி ஒவ்வொன்றும் அரை மணி. ஒரே நாளில் நாலைந்துகூட அமையும்.

படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவில் ஒரு வருஷம் வேலை பார்க்கலாம். ஆனால் அதில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. பாங்குக் கடன் வேறு தலைக்கு மேல். பயம் வராமல் என்ன செய்யும்?

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இருந்தாலும், "என்னையே பேட்டி எடுக்கறவளா நினைச்சுக்கோ" என்று சொல்லி, அவள் எழுதி அனுப்பிய கேள்வியைக் கேட்டேன்.

"ரூமில் ரெண்டு பெண்களுக்குச் சண்டை. என்ன பண்ணினே?"

"நாங்க அவங்களைக் கூப்பிட்டுப் பேசினோம். நாங்க சமாதானம் பண்ணினோம்."

"நாங்கன்னா யார் யாரு?"

"நான் மட்டும்தாம்மா."

"பின்னே ஏன் நாங்க, நாங்கன்னு சொல்றே?"

"நான்னு சொன்னா பெருமையடிச்சுக்கிற மாதிரி இருக்கு. பெரியவங்க முன்னாடி உன்னைப் பத்திப் பேசாதேன்னு நீதானே சொல்லுவே?"

எனக்குச் சுருக்கென்றது. அடக்கம் என்று நினைத்து நான் போட்ட பூட்டு அது!

மறுநாளிலிருந்து தினமும் அரை மணி ஒத்திகை. எனக்கு மாலை, அவளுக்குக் காலை. தான் செய்த எட்டுக் காரியங்களை நோட்டில் எழுதச் சொன்னேன். என்ன நடந்தது, தன் பொறுப்பு என்ன, தான் என்ன செய்தாள், எப்படி முடிந்தது என்று நான்கே பகுதி. அவளுடைய கல்லூரியிலும் இதே முறையைத்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். தவறு செய்து திருத்திக்கொண்ட சம்பவம் ஒன்றும் அதில் இருந்தது. அதையும் கட்டாயம் கேட்பார்களாம். முதலில் தமிழில் சொல்வாள், பிறகு இங்கிலீஷில். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். ஆரம்பத்தில் ஏழு நிமிஷம் இழுத்தவள், போகப் போக இரண்டு நிமிஷத்தில் முடித்தாள்.

வேறு சில ஏற்பாடுகளும் செய்துகொண்டாள். காலைக் கடிக்காத பழைய செருப்பு, பையில் தண்ணீரும் வேர்க்கடலையும். ஒரு பேட்டி முடிந்ததும் அடுத்ததற்குள் இரண்டு வரி குறிப்பு. இல்லாவிட்டால் எந்தக் கல்லூரி என்ன சொன்னது என்பதே குழம்பிவிடும். அன்றே நன்றி தெரிவித்து ஒரு சிறு கடிதம். "வெளிநாட்டவருக்கு விசா ஏற்பாடு செய்வீர்களா?" என்ற கேள்வியையும் கூச்சப்படாமல் கேட்டுவிட்டாள். இரண்டு கல்லூரிகள் 'இல்லை' என்றன. ஏமாற்றம்தான், ஆனால் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லையே!

ஒன்பது பேட்டிகளில் இரண்டு கல்லூரிகள் மறுபடி அழைத்தன. ஒன்றில் வேலை கிடைத்தது. "அம்மா, 'நான்'னு சொல்லும்போது குரல் நடுங்கலே" என்றாள். என் கண்தான் கலங்கியது.

இளம் தாய்மார்களே, குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும், "இன்னிக்கு நீ என்ன பண்ணினே?" என்று கேளுங்கள். நடுவில் திருத்தாமல், அடுப்பைச் சற்றே தணித்துவிட்டு, முடிக்கும் வரை கேளுங்கள். என் சின்னப் பெண்ணிடம் நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். சில நாள் குழம்பு அடிப்பிடித்துவிடுகிறது, பரவாயில்லை!