இல்லாத பேஸ் எப்படிக் கேட்கிறது?

சிம்லா என்ற சிகரெட்டை விற்பதற்காக, இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி அறுபதுகளின் கடைசியில் அகில இந்திய ராக் போட்டி நடத்தத் தொடங்கியது. அதில் தேறிய குழுக்களின் பாட்டுகள் ‘சிம்லா பீட் 70’ என்ற இசைத்தட்டாக வந்தன. மதராஸ் பையன்களின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’ குழுவும் அதில் உண்டு. பீட்டில்ஸைக் கொண்டாடும் நாம் இந்தத் தட்டை மறந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

திருப்பூரில் ஏதாவதொரு நிட்டிங் யூனிட்டில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, செல்போன் ஸ்பீக்கரில் இதைப் போட்டுப் பாருங்கள். குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் கேட்கும். அடியில் பேஸ் கிட்டாரின் சுரங்களையும் காது பிடித்துக்கொள்ளும். அங்கேதான் அதிசயம்! பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. செல்போனின் குட்டி ஸ்பீக்கரோ சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அப்படியானால் நாம் கேட்டது என்ன?

கம்பி முழு நீளத்துக்கு அதிரும்போதே பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும் அதிர்கிறது. அதனால் 41-உடன் 82, 124, 165 என்று மேல்சுரங்களும் அடுக்கடுக்காக எழும்புகின்றன. ஸ்பீக்கரைத் தாண்டி வருபவை 330, 371, 412 போன்ற மேலடுக்குகள் மட்டுமே. இவற்றுக்கிடையே உள்ள இடைவெளி ஒவ்வொன்றும் 41. கோடு போட்ட துணியில் ஒரு துண்டு கையில் கிடைத்தாலே ரிப்பீட்டைச் சொல்லிவிடும் பேட்டர்ன் மாஸ்டரைப் போல, மூளை அந்த 41 என்ற அடிச்சுரத்தைக் கணித்து நமக்குக் கேட்க வைக்கிறது. போனில் அப்பாவின் கனத்த குரல் கனமாகவே கேட்பதும் இதனால்தான்.

1841-இல் ஜெர்மனியின் சீபெக், சைரன் ஒன்றைச் சுழற்றி இதைக் கவனித்தார். மின்தடை விதி தந்த ஓம் அதை ஏற்கவில்லை. அடிச்சுரத்தைக் காதே உள்ளுக்குள் உண்டாக்குகிறது என்ற விளக்கமும் நெடுங்காலம் நிலவியது. 1954-இல் அமெரிக்கர் லிக்லைடர் செய்த சோதனை எளிமையானது, அழகானது. தாழ்ந்த அதிர்வுகளாலான இரைச்சலைச் சேர்த்து அந்த அடிப்பகுதியையே மூழ்கடித்தார். காதுக்குள் உண்மையாகவே அடிச்சுரம் உண்டாகியிருந்தால் அது இரைச்சலில் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. மெஷினின் உறுமலுக்கு நடுவே ஒரு பேஸ் கிட்டார் தப்பிப் பிழைப்பதும் இப்படித்தான்.

அறுபதுகளின் ராக்குக்கு இதில் தனி அனுகூலம் உண்டு. ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் முடுக்கும்போது ஒலி அலையின் முகடு வெட்டுப்படுகிறது. அந்த வெட்டிலிருந்து புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. கரகரப்பு என்று பெரியவர்கள் திட்டியது இதைத்தான். ஆனால் டிரான்சிஸ்டர் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் சுரங்களுக்கு உயிர் கொடுத்தது அதே கரகரப்பு.

இல்லாத பேஸை மூளையே கேட்க வைத்துவிடுகிறது; அதனால் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஹெட்போனில் வால்யூமை ஏற்றாதீர்கள். உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.