கொல்லிமலையில் விடுதி கட்டுவோர் கவனத்துக்கு

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்தில் நின்று கிழக்கே நோக்கினால், வானத்தின் ஓரத்தில் நீலத்திரை விரித்தாற்போல் தோன்றுவது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளியை அடைந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், 3,000 அடிக்கும் மேலான உயரத்தில் குளிர்காற்று முகத்தில் வீசும். அந்தக் காற்றை நாடி வரும் பிரயாணிகளுக்காக மலைமேல் விடுதிகள் பெருகி வருகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது போன்ற பெரிய மழைக்காடு இங்கே இல்லை. அடிவாரத்தில் உலர்ந்த காடு. மேலே, ஓடைக் கரைகளில்தான் பசுமை மாறாத சோலைகள். சிறிய சோலைகள் ஆகையால், ஒன்று போனால் போனதுதான்.

சூழலுக்கு ஏற்ற விடுதி என்றதும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சிமெண்டுச் சுவரின்மேல் ஓலை வேய்ந்து, தூண்களுக்கு மூங்கில் போல் வர்ணம் பூசிவிடுகிறார்கள். இது வெறும் வேஷம்! கூரையைப் பார்த்து மயங்க வேண்டாம். கொல்லைப்புறம் சென்று, கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நீர் போகும் வழி

அரப்பளீஸ்வரர் கோயில் அருகே சுமார் ஆயிரம் படிகள் இறங்கினால் ஆகாயகங்கை அருவி. அங்கே விழும் ஐயாறு, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் பாய்கிறது. அங்கே குடும்பம் குடும்பமாக வந்து நீராடுகிறார்கள். மேலே ஒருவர் ஓடையோரம் தோண்டும் கழிவுக்குழி, கீழே அவர்கள் தலையில் விடியும்.

ஆகவே ஓடையையும் சோலையையும் விட்டு விலகி, முன்பே வெட்டவெளியான நிலத்தில் கட்டுவதே முறை. சரிவை இயந்திரத்தால் வெட்டிச் சமப்படுத்தினால், அடுத்த மழையில் மண் சரியும். தூண்கள் நிறுத்தி அவற்றின்மேல் தளம் அமைத்தால் மழைநீர் அடியில் தன் வழியே ஓடிவிடும். இறவாணம் அகலமாக நீண்டால் சாரல் சுவரைத் தொடாது. கூரை உச்சியில் காற்றுவழி இருந்தால் ஈரம் தங்காது. தண்ணீருக்கும் ஊற்றைச் சுரண்ட வேண்டியதில்லை. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் சேரும். இரவு விளக்குகளைத் தாழ்த்தி, தரை நோக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்டுப் பூச்சிகளெல்லாம் விளக்கடியில் வந்து மடியும்.

இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே, கண்டலமை ஏரியை நோக்கி ஜெஃப்ரி பாவா அமைத்த ஓட்டல் 1994-ல் திறக்கப்பட்டது. ஏரி கெடும் என்று முதலில் பலத்த எதிர்ப்பு. அவரோ பாறையைத் தழுவியவாறே கட்டிடத்தை அமைத்தார். இன்று கொடிகள் அதை மூடிப் படர்ந்திருக்கின்றன. இத்தனைக்கும் அது கான்கிரீட் கட்டிடம்! ஓலையைவிட இடத்தேர்வு பெரிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அறைகளின் தொகைதான் அடுத்த விஷயம். ஆடிமாதத்து ஓரி விழாக் கூட்டத்தைக் கணக்கிட்டுக் கட்டினால், வாரநாட்களில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். விழா நாட்களுக்குக் கூடாரம் போதும். மற்ற நாட்களில், மலைவாழ் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையைச் செப்பனிட்டு விருந்தினருக்குத் தரலாம். புதிதாக ஒரு மரமும் வெட்டாமல் பட்டணத்தார் சாமைச்சோறு உண்டு தூங்குவார்கள். வாடகைப் பணமும் மலையை விட்டு இறங்காது.